இரும்பு ஆக்சைடு வளர்க்க எந்த உலோகப் படிகம் வாங்கலாம்?

புதிதாக ஓர் அதிவெற்றிட சேம்பர் வந்து இறங்கியிருக்கிறது. அணுக்களைப் படமெடுக்கும் எஸ்.டி.எம். ஓடுகிறது, மேற்பரப்பின் அணு ஒழுங்கை எலெக்ட்ரான் சிதறலால் திரையில் புள்ளிகளாகக் காட்டும் லீட் இருக்கிறது, இரும்புக் கம்பியை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் பொருத்தியாயிற்று. இரும்பு ஆக்சைடில்தான் வேலை என்பதும் முடிவாகிவிட்டது. இனி ஒற்றைப் படிகம் ஆர்டர் கொடுக்க வேண்டும். பட்ஜெட்டில் ஒன்றுக்குத்தான் இடம். இழுத்துப் பிடித்தால் இரண்டு. பிளாட்டினமா, தங்கமா, வெள்ளியா, ருத்தேனியமா? இந்தக் கட்டத்தில் ஆராய்ச்சி மாணவர்களும் புதிதாக லேப் தொடங்கும் ஆசிரியர்களும் பெரும்பாலும் கேட்பது, "எதில் நன்றாக வளரும்?" என்பதைத்தான். நான்கிலும் வளரும். வளர்ந்த பிறகு அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், எந்த வெப்பத்தில், எந்த வாயுவில் வைக்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து தேர்வைத் தொடங்குவதுதான் சரி. இரும்பும் ஆக்சிஜனும் எந்த விகிதத்தில், எத்தனை அடுக்கு வரை சேரும் என்பதை அடியில் இருக்கும் உலோகமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

ஆக்சைடுகள் மூன்று. இரும்பும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்தது வூஸ்டைட். பருமனான பொருளாக இது சுமார் 570 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிலைப்பதில்லை. அதுவே ஓர் அடுக்காக உலோகத்தின்மேல் படர்ந்துவிட்டால் அறை வெப்பத்தில் எந்தச் சிக்கலும் இல்லாமல் இருக்கும். மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன் என்றால் மேக்னடைட். அறை வெப்பத்தில் மின்சாரம் கடத்தும், சுமார் 850 கெல்வின் வரை காந்தத்தன்மையும் உண்டு. இரண்டுக்கு மூன்று என்றால் ஹேமடைட். இதன் ஆற்றல் இடைவெளி சுமார் 2 எலெக்ட்ரான் வோல்ட் என்பதால் கனமான படிகத்தில் எஸ்.டி.எம். பார்ப்பது பெரும்பாடு. உலோகத்தின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் வளர்த்தால் எலெக்ட்ரான் அடியிலிருந்து வந்துவிடும், மின்னேற்றம் தேங்காது. உலோகத் தளம் தேடுவதற்கு முதல் காரணமே இதுதான்.

தளத்தைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியவை நான்கு: அணுக்களுக்கு இடையே உள்ள தூரம், ஆக்சிஜனோடு அது எப்படி நடந்துகொள்கிறது, சூடாக்கும்போது இரும்பைத் தன்னுள்ளே விழுங்குமா, எவ்வளவு சூடு தாங்கும். தூரத்தைப் பார்த்தால், அறுகோண முகத்தில் ருத்தேனியத்துக்கு 2.71 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒன்று), பிளாட்டினத்துக்கு 2.77, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் சுமார் 2.88. வூஸ்டைட்டின் (111) முகத்தில் அது 3.04. (அடைப்புக்குறி எண் படிகத்தை எந்தத் திசையில் வெட்டியது என்பதைச் சொல்லும்; இங்கே (111) என்றால் அறுகோண முகம், ருத்தேனியத்தில் அதற்கு (0001) என்று பெயர்.) ஆக, நான்கிலுமே ஆக்சைடு தளத்தோடு அப்படியே பொருந்தாது. பொருந்தாமையின் அளவுதான் வேறுபடுகிறது. மற்ற மூன்று குணங்களில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

பிளாட்டினம் (111)

இந்த ஜோடியின் வரலாறு நீளமானது. 1988இல் பெர்க்லியில் வுரென்ஸ், சால்மெரான், சமோர்ஜாய் மூவரும் பிளாட்டினத்தின்மேல் ஒழுங்கான இரும்பு ஆக்சைடு படலங்களை வளர்த்துக் காட்டினார்கள். பிறகு பெர்லினில் உள்ள ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் வைஸ், ரான்கே ஆகியோரும், அடுத்து ஷைக்குத்தினோவ், ஃப்ராயண்ட் குழுவும் இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்து, எந்த வெப்பத்தில் எந்த ஆக்சைடு வரும் என்பதைச் சமையல் குறிப்பு போலத் துல்லியமாக்கிவிட்டார்கள். புதிய லேபுக்கு இந்த ஏற்பாட்டின் பெரிய பலம் அதுதான். உங்கள் படம் சரியா தவறா என்று ஒப்பிட, பல குழுக்கள் எடுத்த படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

செய்முறை எளிது. ஆர்கான் அயனியால் ஸ்பட்டர் செய்து, அதாவது மேல் அணுக்களை மோதி உதிர்த்து, ஆக்சிஜனில் சூடாக்கிக் கார்பனை எரித்து, கடைசியில் வெற்றிடத்தில் ஒருமுறை சட்டென உயர் சூடு கொடுத்து ஃபிளாஷ் செய்தால் பிளாட்டினம் சுத்தம். அறை வெப்பத்தில் ஓர் அடுக்கு இரும்பு படியவிட்டு, 10⁻⁶ மில்லிபார் ஆக்சிஜனில் சுமார் 1000 கெல்வினில் இரண்டு நிமிடம் வைத்தால் வூஸ்டைட்டின் ஓர் அடுக்கு தயார். இரும்பு கீழே பிளாட்டினத்தைத் தொட்டுக்கொண்டும், ஆக்சிஜன் மேலே வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டும் இருக்கும். பருமனான வூஸ்டைட்டில் இந்த இரண்டு தளங்களுக்கும் இடையே 1.25 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டும். இங்கே அது சுமார் 0.68 ஆகச் சுருங்கிவிடுகிறது, பக்கவாட்டில் 3.1 ஆக விரிகிறது. மேலே எதிர்மின், கீழே நேர்மின் என்று பிரிந்து கிடக்கும் படலம் அந்த மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் வழி இது. இந்தச் சுருக்கத்தில் அடியிலிருக்கும் உலோகத்துக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. உலோகத்தை மாற்றினால் இந்த எண்ணும் மாறும், அதோடு படலத்தின் வேதியியலும் மாறும்.

இந்த இடத்தில் "ஓர் அடுக்கு" என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிளாட்டினத்தின் மேற்பரப்பில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 × 10¹⁵ அணுக்கள். விரிந்து கிடக்கும் ஆக்சைடு அடுக்கில் இரும்பு சுமார் 1.2 × 10¹⁵ மட்டுமே. அதாவது பிளாட்டினக் கணக்கில் 0.8 அடுக்கு இரும்பே தளம் முழுவதையும் மூடிவிடும். முழு 1 அடுக்கு போட்டால் மீதி இரும்பு இரண்டாம் அடுக்குத் துண்டுகளாகவோ, பிளாட்டினத்துக்குள் கரைந்தோ போகும். கட்டுரை படிக்கும்போது எழுதியவர் எந்தக் கணக்கில் அடுக்கு என்கிறார் என்று பார்க்காமல் அதே நேரத்துக்கு ஷட்டரைத் திறந்தால் முடிவு ஒத்துப்போகாது. குவார்ட்ஸ் தடிமன் அளவியை மட்டும் நம்பாமல், எஸ்.டி.எம். படத்தில் வெறும் பிளாட்டினம் எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று எண்ணி ஆவியாக்கியை அளவிடுவதே நம்பகமானது.

அடுக்கு சரியாக வந்ததா என்று லீட் திரையில் உடனே தெரியும். பிளாட்டினத்தின் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஆறு சிறு புள்ளிகள் பூப்போல விரியும். படிகத்தை அப்படியே எஸ்.டி.எம்.முக்கு மாற்றினால் 25 முதல் 26 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் பெரிய அறுகோண அலை தெரியும். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று விரித்தால் தெரியும் பெரிய கட்டங்கள் மாதிரிதான் மோரே எனப்படும் இந்த அலையும். ஆக்சைடின் எட்டு அலகும் பிளாட்டினத்தின் ஒன்பது அலகும் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்பதால் வருகிறது. அணுப் பின்னல் ஒரு டிகிரிக்கும் குறைவாகத் திரும்பினாலும், மோரே அதைச் சுமார் ஒன்பது மடங்கு பெருக்கிக் காட்டும். அதனால் படலத்தில் உள்ள நுண்ணிய திரிபைக்கூட இதைக் கொண்டு அளந்துவிடலாம். ஒரே மோரே கட்டத்துக்குள் இரும்பு பிளாட்டின அணுவின் நேர்மேலே இருக்கும் இடம், பள்ளத்தில் இருக்கும் இரண்டு வகை இடங்கள் என்று மூன்று பகுதிகள் உண்டு. மூன்றும் வாயு மூலக்கூறுகளிடம் வேறுவேறாக நடந்துகொள்ளும். வினையூக்கம் படிப்பவர்களுக்கு ஒரே படிகத்தில் மூன்று தளம் கிடைத்த மாதிரி.

இதன்மேல் நடந்த வேலைகளில் மூன்றைச் சொல்லியாக வேண்டும். 2010இல் தாலியான் வேதி இயற்பியல் கழகத்தில் பாவ் சின்ஹே குழு, பிளாட்டினத்தின்மேல் வூஸ்டைட்டைத் தீவுகளாக வளர்த்து, தீவின் விளிம்பில் முழுப் பிணைப்பு கிடைக்காத இரும்பு அணுக்கள்தான் கார்பன் மோனாக்சைடு எரிப்பை நடத்துகின்றன என்று காட்டியது. அதே சமயத்தில் பெர்லின் குழு, முழுமையாக மூடிய அடுக்கை 450 கெல்வினில் மில்லிபார் அழுத்தத்தில் ஆக்சிஜனுக்குக் காட்டினால், அது ஆக்சிஜன்–இரும்பு–ஆக்சிஜன் என்ற மூன்று தள அமைப்பாக மாறி, வெறும் பிளாட்டினத்தைவிட வேகமாக அந்த வினையை நடத்துகிறது என்றது. 2012இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் குழு, இதே அடுக்கின்மேல் ஹைட்ரஜன் அணுக்கள் நீர் மூலக்கூறின் துணையோடு தாவித் தாவிச் செல்வதை எஸ்.டி.எம். காணொளியாகவே எடுத்தது. மூன்றும் ஒரே தளம், ஒரே ஆக்சைடு. தீவாக இருந்தால் ஒரு குணம், மூடினால் ஒரு குணம், அழுத்தத்தைக் கூட்டினால் இன்னொரு குணம்.

குறைகளும் உண்டு. வூஸ்டைட் ஓரிரு அடுக்குக்கு மேல் நீடிப்பதில்லை. அதன் பிறகு மேக்னடைட் தீவுகள் எழும்பத் தொடங்கும். இரும்பு போடுவதையும் சுமார் 900 கெல்வினில் ஆக்சிஜனேற்றுவதையும் மாற்றி மாற்றிச் செய்தால் தீவுகள் இணைந்து மேக்னடைட் (111) படலமாகும். அதையே அதிக அழுத்த ஆக்சிஜனில் இன்னும் சூடாக்கினால் ஹேமடைட் வரும். ஆனால் வெற்றிடத்தில் அதிகம் சூடாக்கினாலோ, ஹைட்ரஜனில் ஒடுக்கினாலோ இரும்பு பிளாட்டினத்துக்குள் இறங்கிக் கலப்புலோகமாகிவிடும். மேலே ஸ்பட்டர் செய்து சுத்தம் என்று நினைத்தாலும், அடுத்த சூட்டில் உள்ளிருந்து இரும்பு மேலேறி வரும். ஆக்சிஜனில் சூடாக்கி இரும்பை மேலே இழுத்து ஆக்சைடாக்கி, பிறகு ஸ்பட்டர் செய்து வெளியேற்றுவதுதான் வழி, அதற்குப் பொறுமை வேண்டும். இரும்பு வேலைக்கு வாங்கும் பிளாட்டினத்தை இரும்பு வேலைக்கே ஒதுக்கிவிடுங்கள். வேறு யாருக்கும் இரவல் தராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

தங்கம் (111)

வெற்றிட அழுத்தங்களில் ஆக்சிஜன் மூலக்கூறு தங்கத்தின்மேல் உடைவதில்லை. இதுவே தங்கத்தின் முதல் பலம். தீவின்மேல் ஒரு வினை நடந்தால், அது ஆக்சைடினால் நடந்ததா, பக்கத்தில் இருக்கும் உலோகத்தினால் நடந்ததா என்ற சந்தேகம் பிளாட்டினத்தில் எப்போதும் இருக்கும். தங்கத்தில் உலோகம் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும், விளிம்பு மட்டும் பேசும். இரும்பு ஆக்சைடின்மேல் தங்கத் துகள் வைத்தால் குறைந்த வெப்பத்திலேயே கார்பன் மோனாக்சைடு எரிகிறது என்று ஜப்பானின் ஹருத்தா 1980களில் காட்டினார் அல்லவா, அதைத் தலைகீழாகத் தங்கத்தின்மேல் ஆக்சைடுத் தீவு என்று வைத்துப் படிக்க இதைவிடப் பொருத்தமான தளம் இல்லை.

இரண்டாவது பலம் ஹெரிங்போன் எனப்படும் அதன் மேற்பரப்பு வரிகள். மேல் அடுக்கில் 22 இடத்தில் 23 அணுக்கள் நெருக்கி உட்காருவதால் 63 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இரட்டை வரிகள் வளைந்து வளைந்து ஓடும். இரும்பு ஆவி அந்த வளைவின் முழங்கைகளில் போய்த்தான் முதலில் சேரும். வரிசையாக, கிட்டத்தட்ட ஒரே அளவில், இடைவெளி விட்டு நிற்கும் சிறு தீவுகள் இதனால் கிடைக்கின்றன. "நானோ அமைப்பு" என்ற சொல்லுக்கு நேர்மையாகப் பொருந்துவது இதுதான். அப்புறம் அதை ஆக்சிஜனேற்றினால் சிறு ஆக்சைடுத் தீவுகள்.

ஆனால் இரும்பும் தங்கமும் இடம் மாற்றிக்கொள்ளும். சூடாக்கச் சூடாக்க இரும்பு தங்கத்தின் கீழே போய்விடும். வெற்றிடத்தில் முதலில் சூடாக்கிவிட்டு ஆக்சிஜனை விட்டால் மேலே இரும்பே கொஞ்சம்தான் மிச்சமிருக்கும். ஆக்சிஜனைத் திறந்துவிட்டு அதற்குள் சூடாக்க வேண்டும், அல்லது ஆக்சிஜனுக்குள்ளேயே இரும்பைப் படியவிட வேண்டும். ஆக்சிஜன் இரும்பை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வளர்ந்த வூஸ்டைட்டின் மோரே இங்கே பிளாட்டினத்தில் வருவதைவிடப் பெரியது. பொருந்தாமை குறைவு என்பதால் அப்படி. மற்றபடி, தங்கத்தில் படிகத்தைவிடப் படலத்தோடு தொடங்கலாம் என்ற வசதியும் இருக்கிறது. மைக்காவின்மேல் தங்கம் பூசிய தகடுகள் மலிவு, (111) முகம் தானாகவே வரும். ஸ்பட்டரும் சூடும் அதிகம் தாங்காது என்றாலும் பயிற்சிக்குப் போதும்.

வெள்ளி

வெள்ளியைத் தேட ஒரே நல்ல காரணம் சதுர முகம். மேலே சொன்ன எல்லாமே அறுகோண முகங்கள். உங்களுக்கு மேக்னடைட்டின் (001) முகம் வேண்டும் என்றால் கதை வேறு. வெள்ளியின் அலகுக் கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டம், 4.09 ஆங்ஸ்ட்ராம். மேக்னடைட்டின் அலகுக் கூடு 8.40, அதில் பாதி 4.20. மூன்று சதவீதத்துக்கும் குறைவான பொருந்தாமை. வூஸ்டைட் 4.33 என்பதால் சுமார் ஆறு சதவீதம். கணக்குப்படி அழகாகத் தெரியும் இந்தத் தளத்தில் இரண்டு தொந்தரவுகள். சதுரத் தளமாக இருந்தும் முதல் அடுக்கு வூஸ்டைட் பல சமயம் அறுகோணமாகவே படுத்துக்கொள்ளும், (111) முகத்தைக் காட்டிக்கொண்டு. ஆக்சிஜன் அளவையும் வெப்பத்தையும் பார்த்துப் பார்த்து நகர்த்தினால்தான் சதுரம் கிடைக்கும். இன்னொன்று சூடு. வெள்ளி 1235 கெல்வினில் உருகும், அதற்கு வெகு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். 950 கெல்வின் வாக்கில் வெள்ளியின் ஆவியழுத்தமே நீங்கள் சேம்பரில் விட்டிருக்கும் ஆக்சிஜன் அளவுக்கு, அதாவது 10⁻⁶ மில்லிபார் அருகே வந்துவிடுகிறது. பிளாட்டினத்துக்கான 1000 கெல்வின் செய்முறையை இங்கே நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. குறைந்த வெப்பத்தில் வளர்ப்பதால் தீவுகள் சிறியதாகவும் விளிம்புகள் கரடுமுரடாகவும் இருக்கும். முதல் படிகமாக வெள்ளியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ருத்தேனியம் (0001)

சூடு தாங்குவதில் இதற்கு இணை மற்ற மூன்றில் இல்லை. 2607 கெல்வினில்தான் உருகும். ஆக்சிஜனில் சூடாக்கிக் கார்பனை எரித்து, பிறகு உயர்வெப்ப ஃபிளாஷ் கொடுத்தால் மேலே என்ன இருந்தாலும் போய்விடும். மறுபடியும் மறுபடியும் ஒரே மாதிரியான சுத்தமான தளம் கிடைப்பது ஆராய்ச்சியில் சாதாரண சௌகரியம் இல்லை. வூஸ்டைட்டின் ஏழு அலகும் ருத்தேனியத்தின் எட்டு அலகும் ஒத்துப்போவதால் மோரே சுமார் 21.6 ஆங்ஸ்ட்ராம். பிளாட்டினத்தைவிட இதில் வூஸ்டைட் கூடுதல் அடுக்குகளுக்குத் தாக்குப்பிடிக்கும். பெர்லினில் கெட்டெலரும் ரான்கேயும் 2003இல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

ருத்தேனியம் உண்மையில் ஜொலிப்பது பெரிய தீவுகளுக்காக. ஆக்சிஜனை விட்டபடியே உயர் வெப்பத்தில் இரும்பை மெதுவாகப் படியவிட்டால், முதலில் வூஸ்டைட் தளம் முழுவதையும் நனைத்து மூடும், பிறகு மைக்ரோமீட்டர் அளவுக்கு அகலமான முக்கோண மேக்னடைட் தீவுகள் எழும். இதை வளரும்போதே லீம் என்ற எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரலையாகப் பார்க்கலாம். மாட்ரிடில் டி லா ஃபிகேரா குழுவும் அமெரிக்காவில் மெக்கார்ட்டியும் இந்த வழியில் நிறையச் செய்திருக்கிறார்கள். சுமார் 1 நானோமீட்டர் தடிமனுள்ள மேக்னடைட்டிலேயே அறை வெப்பத்தில் நிலையான காந்தப் பகுதிகள் இருப்பதை 2012இல் அவர்கள் படமெடுத்தார்கள். அதற்கு எக்ஸ் கதிரின் வட்ட முனைவாக்கம் தேவை, அதாவது சிங்க்ரோட்ரான் என்ற பெரிய எக்ஸ் கதிர் மையத்துக்குப் போக வேண்டும். மேக்னடைட்டில் காந்தம்தான் உங்கள் நோக்கம் என்றால், ருத்தேனியம்தான் சரியான தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கவனிக்க வேண்டியது ஆக்சிஜன். ருத்தேனியம் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும். அழுத்தமும் வெப்பமும் ஏறினால் அதுவே ஆக்சைடாகும். ஹேமடைட் வேண்டும் என்று அழுத்தத்தைக் கூட்டினால், மூடாமல் விட்ட இடங்களில் ருத்தேனியம் ஆக்சைடும் சேர்ந்து வளரும், எது எது என்று பிரிப்பது கஷ்டம். பிளாட்டினத்தில் இந்தத் தொல்லை குறைவு.

உலோகமே வேண்டாம் என்றால்?

மேக்னடைட் படிகத்தையே வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டீபோல்ட், பார்க்கின்சன் குழு அப்படித்தான் செய்கிறது. மேக்னடைட் (001) முகத்தின் அலைபோன்ற அமைப்புக்குக் காரணம் மேற்பரப்புக்குக் கீழே ஒழுங்காக விடுபட்டிருக்கும் இரும்பு இடங்கள்தான் என்று 2014இல் அவர்கள் காட்டினார்கள். தனித்தனித் தங்க அணுக்கள் அதன்மேல் சுமார் 700 கெல்வின் வரை ஒன்று சேராமல் நின்றதும் அங்கேதான். ஒற்றை அணு வினையூக்கம் என்றால் அந்த வழியில் போங்கள். ஆனால் ஆக்சைடு–உலோக எல்லை, தீவு விளிம்பு, அடுக்கு எண்ணிக்கை என்று எதைப் படிக்க நினைத்தாலும் அடியில் உலோகம் இல்லாமல் முடியாது.

எப்படி ஆக்சிஜனேற்றுவது, எதை வைத்துச் சரிபார்ப்பது

இரும்பைப் போட்டுவிட்டுப் பிறகு ஆக்சிஜனேற்றுவது ஒரு வழி. ஆக்சிஜனுக்குள்ளேயே போடுவது இன்னொரு வழி. பிளாட்டினத்தில் முதலாவது, தங்கத்திலும் ருத்தேனியத்திலும் இரண்டாவது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. 10⁻⁶ மில்லிபாரில் மேற்பரப்பில் உள்ள அணு ஒவ்வொன்றுக்கும் சில வினாடிக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதும். இரும்பு வரும் வேகம் அதைவிட வெகு குறைவாக, நிமிடத்துக்கு ஓர் அடுக்கின் பத்தில் சில பங்கு என்ற அளவில் இருக்கட்டும். ஆக்சிஜன் போதவில்லை என்றால் நைட்ரஜன் டை ஆக்சைடோ அணு ஆக்சிஜனோ கைகொடுக்கும். குறைந்த வெப்பத்திலேயே வேலை முடியும் என்பதால் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இவை ஏற்றவை. நைட்ரஜன் டை ஆக்சைடு பம்புகளையும் ஃபிலமென்ட்டுகளையும் பாடுபடுத்தும் என்பதையும் நச்சுவாயு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரிபார்ப்பதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. எந்த ஒரு கருவியின் சாட்சியையும் தனியாக ஏற்கக் கூடாது. எக்ஸ் கதிர் வெளியேற்றும் எலெக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் எக்ஸ்.பி.எஸ். எடுத்துக்கொள்வோம். இரும்பின் 2பி உச்சி உலோகத்துக்கு 707 எலெக்ட்ரான் வோல்ட் அருகில், ஈரிணை அயனிக்கு (இரண்டு எலெக்ட்ரான் இழந்த இரும்பு) 709.5 வாக்கில், மூவிணைக்கு (மூன்று இழந்தது) 711 வாக்கில். கடைசி இரண்டும் அகலமான உச்சிகள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். பக்கத்தில் வரும் சிறு உச்சிதான் உதவும்: மூவிணை மட்டும் இருந்தால் 719இல் தெளிவாகத் தெரியும், ஈரிணை மட்டும் இருந்தால் 715 பக்கம் ஒரு புடைப்பு. மேக்னடைட்டில் இரண்டும் கலந்து இடைவெளி நிரம்பிப்போய்ச் சிறு உச்சியே தெரியாது. சரி, அப்படித் தெரியாததால் மேக்னடைட் என்று எழுதிவிடலாமா? வூஸ்டைட்டும் ஹேமடைட்டும் பக்கம் பக்கமாக இருந்தாலும் அதே வடிவம்தான் வரும். எச்சரிக்கையாக இல்லாவிட்டால் இல்லாத மேக்னடைட்டைப் பற்றிக் கட்டுரை எழுதிவிடுவோம். லீட் பார்த்தால் தெளிவு கிடைக்கும்: மேக்னடைட் (111)இன் அலகு சுமார் 5.94 ஆங்ஸ்ட்ராம், வூஸ்டைட்டின் கிட்டத்தட்ட இரு மடங்கு, ஆகவே பாதி தூரத்தில் புதிய புள்ளிகள் வரும். ஹேமடைட்டின் அலகு 5.03, பின்னல் 30 டிகிரி திரும்பியிருக்கும்.

லீடுக்கும் குறை இருக்கிறது. ஒழுங்காக இருப்பதை மட்டுமே அது காட்டும், ஒழுங்கற்ற பத்து சதவீதத்தைப் பற்றி வாயே திறக்காது. எஸ்.டி.எம். அதைக் காட்டும். ஆனால் அது காட்டும் உயரம் எலெக்ட்ரான் நிலைகளையும் சேர்த்தது. மின்னழுத்தத்தை மாற்றினால் பிளாட்டினத்தின்மேல் உள்ள அதே தீவின் உயரமும் மாறும், மோரேயின் வெளிச்சமான பகுதி இடம் மாறும். ஒரே இடத்தைப் பல மின்னழுத்தங்களில் எடுக்காத படத்தை வைத்து அடுக்கு எண்ணிக்கை சொல்வதை நான் நம்புவதில்லை.

அதிகம் பேசப்படாத, ஆனால் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று: பிளாட்டினத்தில் கார்பன் மோனாக்சைடைக் கொடுத்து, சீராகச் சூடாக்கி, வெளிவருவதை மாஸ் ஸ்பெக்ட்ராமீட்டரில் பார்ப்பது. முழுவதும் மூடிய வூஸ்டைட் அறை வெப்பத்தில் இந்த வாயுவைப் பிடிக்காது. கொஞ்சம் பிளாட்டினம் வெளியே தெரிந்தாலும் 400 முதல் 500 கெல்வினில் உச்சி வந்துவிடும். எஸ்.டி.எம். பார்ப்பது படிகத்தின் மிகச்சிறு மூலை. இந்தச் சோதனை முழுப் படிகத்துக்கும் பதில் சொல்லும், கருவியும் விலை குறைந்தது. தங்கத்தில் இது உதவாது, வெறும் தங்கமே அறை வெப்பத்தில் இந்த வாயுவைப் பிடிப்பதில்லை. படிகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த மாதிரி எளிய சரிபார்ப்பு கைவசம் இருக்குமா என்பதையும் எடைபோட வேண்டும்.

அப்படியென்றால் எதை வாங்குவது? லேப் புதிது, ஒப்பிட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும், வினையூக்கம் நோக்கம் என்றால் பிளாட்டினம் (111). மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. சிறு தீவுகள், விளிம்புகள், உலோகத்தின் குறுக்கீடு குறைவு என்றால் தங்கம். காந்தம், பெரிய தீவுகள், சிங்க்ரோட்ரான் வாய்ப்பு என்றால் ருத்தேனியம். இரண்டு வாங்க முடிந்தால் பிளாட்டினமும் தங்கமும். ஒரே ஆக்சைடுத் தீவை இரண்டிலும் வளர்த்து ஒப்பிட்டாலே உலோகத்தின் பங்கு தனியாகத் தெரிந்துவிடும், அந்த ஒப்பீடே ஒரு நல்ல ஆய்வேட்டுக்குப் போதுமானது.

ஆர்டர் கொடுக்கும்போது சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகத்தின் சாய்வுப் பிழை 0.1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சாய்வு கூடினால் படிகள் நெருங்கி, இரும்பு தீவாகச் சேராமல் படிகளிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒருபக்கம் மெருகு போதும். தொப்பி வடிவத்தில் விளிம்பு வைத்து வெட்டித் தரச் சொன்னால் சாம்பிள் தகட்டில் பிடிக்க வசதி, மேற்பரப்பின்மேல் கிளிப் வராது. ஓரத்தில் வெப்பமளக்கும் தெர்மோகப்பிள் கம்பி நுழைய ஒரு சிறு துளையும் கேளுங்கள். தொலைவிலிருந்தே கதிர்வீச்சைக் கொண்டு வெப்பம் அளக்கும் பைராமீட்டரை மட்டும் நம்பினால், படலம் வளரும்போது மேற்பரப்பின் கதிர்வீச்சுத் திறன் மாறுவதால் வெப்பம் பிசகும். வூஸ்டைட்டுக்கும் மேக்னடைட்டுக்கும் இடையே வித்தியாசம் வெறும் 100 கெல்வின்தான் என்ற இந்த வேலையில் அந்தத் துளைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது.